விளக்கு எரியாத மாவட்டம்

எங்கள் தாலுகா ஆபீஸ் ஜீப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதனால் கீழப்பொய்கைக்குடி கண்ணுசாமியின் நிலம் போயிற்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். முடிச்சைப் போட்டது நானில்லை, சர்க்கார். நான் தாலுகா ஆபீசுக்கு எதிர்த்தாற்போல ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது. மனு, மனுவின் நகல், நகலின் நகல் எல்லாம் என் மெஷினைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஆகவே முடிச்சு விழுந்த விதத்தை முதலிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நிலம். கண்ணுசாமியின் அப்பா ஒரு பண்ணையில் ஆளாகக் கிடந்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, பண்ணையின் உபரி நிலத்தை அரசு எடுத்து, அதில் உழைத்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. மேடை போட்டு, மாலை போட்டு, ஒரு மந்திரி தன் கையால் அவருக்கு ஒரு ஏக்கர் கொடுத்தார். மேடையில் பேசியது எல்லாம் பேப்பரில் வந்தது. தாலுகா கணக்கில் மட்டும் ஏறவில்லை. அங்கே அந்த ஏக்கர் பழைய பண்ணையின் பேரிலேயே கிடந்தது. அப்பா உழுது முடித்துப் போய்ச் சேர்ந்தார், மகன் உழுதார். ஆட்சி மாறி மாறி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் உழுதவனுக்கே நிலம் என்று சுவரில் எழுதினார்கள். சுவருக்கு வெள்ளையடித்து மறுபடியும் எழுதினார்கள். பிறகு பைபாஸ் ரோடு பக்கத்தில் வருகிறது என்று பேச்சு அடிபட்டதும், சென்னையில் இருக்கும் பண்ணையாரின் பேரனுக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. நிலம் எங்களுடையது, அதில் யாரும் சாகுபடி செய்யவில்லை, தரிசாகக் கிடக்கிறது என்று வழக்குப் போட்டார்.

மேலிடத்து உத்தரவு நியாயமாகத்தான் வந்தது. தனி தாசில்தார் நேரில் போக வேண்டும். பயிர் வயலில் இருக்கும்போதே போக வேண்டும். நிலத்தின் மேல் நிற்பது என்ன, அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதுவதுதான் முடிவு. கண்ணுசாமி அந்த உத்தரவை நகல் எடுக்க என் கடைக்கு வந்தபோது அவருடைய சம்பா பால் பிடித்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"வந்து பாத்தா போதும் பாய். நெல்லு பொய் சொல்லாதுல்ல" என்றார்.

நெல் பொய் சொல்லவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜீப் புதுசு. 'வாசல் தேடி வருவாய்த்துறை' என்ற திட்டத்தில் வந்தது. வந்த அன்று அதற்குச் சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பகுத்தறிவு அரசாங்கம் ஆனபடியால், அது டிரைவர்களின் சொந்த ஏற்பாடு, அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லை என்று தனி தாசில்தார் துரைராசு என்னிடமே சொன்னார். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனிதர். கெட்டவர் என்று ஒருவராவது இந்த விவகாரத்தில் இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

குறித்த நாளில் அவர் கீழப்பொய்கைக்குடிக்குக் கிளம்பினார். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் முருகையன் ஓரங்கட்டி இறங்கி, குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் பைப் விட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தாசில்தாருக்கும் தெரிந்தது. கேட்டில் நின்ற கீரைக்காரிக்கும் தெரிந்திருக்கும். டவுனுக்குத் திரும்பிப் பைப்பை மாற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் வயலில் நிற்கலாம். ஆனால் பானெட்டைத் திறக்க முடியாது.

பூட்டு ஒன்றும் இல்லை. விதி. எப்போதோ எங்கேயோ ஓர் அதிகாரியின் வண்டி நடுரோட்டில் தீப்பிடித்தது. விசாரணை நடந்தது. வண்டியில் எரியும் விளக்கைப் பார்க்க வேண்டியது யார் என்று எந்த விதியிலும் இல்லை என்பதை விசாரணை கண்டுபிடித்தது. அதன்பேரில் அரசு தஞ்சாவூரில் ஒரு புதிய பிரிவைத் தொடங்கியது. அரசு வாகன எச்சரிக்கை விளக்கு முறைப்படுத்தல் பிரிவு என்று பெயர். விளக்கு எரியும் வண்டியில் எந்த அதிகாரியும் பயணம் செய்யக் கூடாது, விளக்கு எதற்காக எரிகிறது என்பதைப் பிரிவு புரிந்துகொண்டு எழுதும் வரை வேறு யாரும் பானெட்டைத் திறக்கக் கூடாது, வேறு வண்டியும் தர முடியாது, தந்தால் முதல் வண்டி பழுது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். திறந்து பார்த்த டிரைவர் ஒருவர் ஏற்கெனவே வேலையை இழந்து கும்பகோணத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

"தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருங்க முருகையன்" என்று தாசில்தார் மெதுவாகச் சொன்னாராம். ஜீப் திரும்பி வந்து வேப்பமரத்தடியில் நின்றது.

கண்ணுசாமி பஞ்சாயத்து ஆபீசில் நாற்காலி கேட்டு வாங்கி வரப்பில் போட்டு, இளநீர் சீவி வைத்து, பொழுது சாய்கிற வரை காத்திருந்தார். பிறகு இளநீரைப் பக்கத்து வயலில் வேலை செய்த பெண்களுக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் விவரம் கேட்க அவர் தஞ்சாவூர் கிளம்பினார். எனக்கும் மெஷினுக்கு மை வாங்க வேண்டியிருந்ததால் கூடப் போனேன். பிரிவு ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில் இருந்தது. வண்டி ஏற வழியில்லை. சுவர் முழுக்க விளக்குகளின் படம். உதவிப் பொறியாளர் சிங்கராயர் எங்களை உட்காரச் சொன்னார். அரசாங்கத்தில் ஓர் ஏழையை உட்காரச் சொன்ன பொறியாளரை அன்றுதான் நான் பார்த்தேன். கண்ணுசாமிக்குப் புரியும்படி அவர் பொறுமையாகச் சொன்னதில் ஒன்றும் பிசகில்லை. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எல்லாம் ஒரு தரம் எரிந்து அணைய வேண்டும். அணைந்தால் வண்டி நலம். மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் போய்ச் சீக்கிரம் காட்ட வேண்டும். மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் இன்னும் அவசரம். சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். விளக்கு சும்மா கூப்பிடுகிற குரல்தான்; சங்கதியை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் ஓர் எழுத்தும் நான்கு எண்ணுமாக எழுதி வைத்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் வாயில் ஸ்கேனரைச் சொருகினால் அது வரும். P என்றால் எஞ்சின், கியர் பக்கத்துக் கோளாறு. B என்றால் பாடி. C என்றால் சக்கரம், பிரேக் பக்கம். அடுத்த எண் சுழியாக இருந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோளாறு. மிச்சம் இருப்பது வலி எங்கே என்று காட்டும். வலி எதனால் என்று காட்டாது. அதை மனிதன்தான் திறந்து பார்க்க வேண்டும். சிலர் ஸ்கேனரை வைத்து எண்ணை அழித்துவிடுவார்கள். விளக்கு அணையும், நோய் இருக்கும்.

"எங்க ஆள் வந்து ஸ்கேனரைச் சொருகினப்ப உங்க தாசில்தார் ஜீப்புல வந்தது P0217" என்றார். "எஞ்சின் அளவுக்கு மேல சூடாகுது. பெரும்பாலும் தண்ணி கசியும். பைப்பா இருக்கலாம்."

கண்ணுசாமி கைகூப்பினார். "அப்ப பைப்பை மாத்திடலாங்களா அய்யா?"

சிங்கராயர் அவரைப் பரிவோடு பார்த்தார். "நாங்க புரிஞ்சுக்கிற பிரிவுங்க. பழுது பாக்குற பிரிவு இல்ல. புரிஞ்சுக்கிட்டதை எழுதி அனுப்புவோம்."

"யாருக்குங்க?"

"பழுது பாக்குற பிரிவுக்கு. அது இன்னும் தொடங்கலை. கோப்பு சென்னையில இருக்கு. அது வர்ற வரைக்கும் நாங்க புரிஞ்சுக்கிட்டே இருக்கணும்."

அதோடு, புரிந்துகொண்டதை அனுப்புவதிலும் ஒரு சிக்கல் இருப்பதாகச் சொன்னார். அரசின் கடிதப் போக்குவரத்து முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும். P0217 தமிழ் இல்லை. ஆகவே கோளாறு எண்களைத் தமிழாக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அது உட்கார்ந்து முடிவு சொன்னதும் கடிதம் போகும். கண்ணுசாமி படியிறங்கும்போது, "நெல்லு முத்திடுச்சு பாய்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் வழிநெடுக அறுப்பு மெஷின்கள் நின்றன.

குழு உட்கார்ந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தது. தலைமை தாங்கிய பெரியவர் கணீரென்று பேசக்கூடியவர். அந்நியன் போய் இத்தனை காலமாகியும் நம் வண்டிகள் அந்நிய மொழியில் கெட்டுக்கொண்டிருக்கின்றன என்று வேதனைப்பட்டார். எஞ்சின் கெட்டாலும் தமிழில்தான் கெட வேண்டும் என்றபோது மண்டபம் அதிர்ந்தது. அங்கே கைதட்டினவர்களில் நானும் ஒருவன். பேச்சு அப்படி. அதன்படி எண்கள் எல்லாம் பழைய தமிழ் எண்களாக மாறின. தாசில்தார் ஜீப்பின் கோளாறு ப௦௨௧௭ ஆயிற்று. அந்தக் கடிதம் சென்னைக்குப் போனது. இது என்ன நோய் என்று தெரியவில்லை, விளக்கவும் என்று திரும்பி வந்தது. விளக்குவதற்கு மறுபடி ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஸ்கேனருக்குத் தமிழ் எண் தெரியாது. ஸ்கேனருக்குத் தமிழ் கற்றுத்தர இன்னொரு குழு போட்டார்கள்.

வயலில் என்ன நடந்தது என்பதை எழுத எனக்குக் கை கூசுகிறது. சம்பா முற்றித் தலை சாய்ந்தால் அறுத்துவிட வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு நாளும் வைக்க மாட்டார்கள். கண்ணுசாமியின் வயலைச் சுற்றி நான்கு பக்கமும் அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. இவருடையது மட்டும் நடுவில் பழுத்து நின்றது. அறுத்தால் சாட்சி போய்விடும். அறுத்த வெறும் அடித்தாளைப் பார்த்து, பார், தரிசு என்று பேரன் சொல்வார். வி.ஏ.ஓ. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், தாசில்தார் வருகிற வரைக்கும் ஒரு கதிரையும் தொடாதே என்று. காக்கையும் எலியும் அந்த உத்தரவை மதிக்கவில்லை. காற்றடித்தால் மணி தானாகக் கொட்டியது. கண்ணுசாமியின் மனைவி ராசம்மாள் கூடையோடு வரப்பில் உட்கார்ந்து, உள்ளே இறங்க முடியாமல், நெல் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பொங்கல் வந்தது. சொந்த வயலில் ஒரு ஏக்கர் நெல் நிற்க, அவர்கள் ரேஷன் அரிசியில் பொங்கினார்கள். அந்த அம்மாள் என் கடைக்கு வந்து கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "அந்த வண்டிக்கு ஒரு பைப்பை நாமளே வாங்கிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா தம்பி?"

கேட்டுப் பார்த்தேன். துரைராசு நெகிழ்ந்துவிட்டார். மனுதாரரிடம் பைப் வாங்குவது கையூட்டு ஆகும் என்று சொல்லி, அந்த நேர்மையைத் தானே ரசித்துக்கொண்டு டீ குடித்தார். அப்படியானால் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றும் கேட்டேன். பஸ்ஸில் போனால் தனி மனிதனாகப் போனதாக ஆகும், அரசு போனதாக ஆகாது என்றார். சைக்கிளுக்கும் அதே பதில்தான்.

தை கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எச்சரிக்கை விளக்கு விழிப்புணர்வு வாரம். எந்த மாவட்டத்தில் ஒரு வண்டியிலும் விளக்கு எரியவில்லையோ அந்த மாவட்டத்துக்கு மந்திரி கேடயம் தருவார். சிங்கராயரின் பிரிவு ராப்பகலாக வேலை செய்தது. முதலில் ஸ்கேனரை வைத்து எண்களை அழித்துப் பார்த்தார்கள். விளக்கு அணைந்து, வண்டி தெருமுனை போவதற்குள் மறுபடி எரிந்தது. மந்திரி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது செய்தித்துறையிலிருந்து ஒரு மூட்டை ஸ்டிக்கர் வந்து இறங்கியது. ஆட்சியின் சாதனையைச் சொல்லும் ஸ்டிக்கர். வட்டமாக ஒரு சிரித்த முகம், கீழே 'தொடரும் நல்லாட்சி'. யார் முகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சி மாறினால் முகம் மாறும், சிரிப்பு அப்படியே இருக்கும். அரிசி மூட்டையிலிருந்து ஆட்டுக்குட்டியின் கழுத்து வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிப் பழகின கை நம்முடையது. எரிகிற விளக்கு ஒன்றின் மேல் யாரோ ஒட்டினார்கள். சரியாக மூடியது.

பிறகு எல்லா வண்டியிலும் ஒட்டினார்கள். முகம் கொஞ்சம் பெரிசானதால் பக்கத்தில் இருந்த சூட்டு முள்ளையும் சிவப்பு விளக்கையும் சேர்த்து மூடிக்கொண்டது. கிழிக்கலாமா என்று முருகையன் கேட்டதற்கு, அந்த முகத்தையா கிழிக்கப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மந்திரி மைதானத்தில் வரிசையாக நின்ற வண்டிகளைச் சாவி திருப்பிப் பார்த்தார். எல்லா வண்டியும் அவரைப் பார்த்துச் சிரித்தது. மேடையேறிப் பேசினார். "அன்று இருண்டு கிடந்த குடிசையில் விளக்கை ஏற்றினோம். இன்று எரிந்து கிடந்த வாகனத்தில் விளக்கை அணைத்தோம். ஏற்றத் தெரிந்தவனுக்குத்தான் அணைக்கத் தெரியும்" என்றார். ஆரவாரம் அடங்க வெகுநேரமாயிற்று. கேடயத்தை மாவட்டத்தின் சார்பில் சிங்கராயர் வாங்கினார். விளக்கு எரியாத மாவட்டம் என்று அதில் பொறித்திருந்தது. அன்றிரவு மழை பிடித்தது. பருவம் தப்பிய மழை, மூன்று நாள் விடவில்லை.

மழை விட்ட மறுநாள் துரைராசு கீழப்பொய்கைக்குடிக்குக் கிளம்பினார். விளக்கு எரியவில்லை, இனிப் போகத் தடையில்லை. ஆட்சியின் கேடயம் பெற்ற ஜீப்பில் நீயும் வா என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் அல்லவா. பைப் மாற்றவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் முன்பு தண்ணீர் இல்லை என்று ஆகிவிடும். பாதி வழியில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. முருகையன் கண்ணாடியில் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் ஸ்டிக்கரைப் பார்த்தார். ஸ்டிக்கர் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஓட்டுங்க" என்றார்.

வரப்பில் கண்ணுசாமி நின்றார். நாற்காலி போடவில்லை. இளநீர் இல்லை. வயல் முழுக்கப் பயிர் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கதிரிலேயே முளை விட்டுப் பச்சை கட்டியிருந்தது. ரோட்டிலிருந்து வயலுக்குப் போகும் பாதை சேறாக இருந்ததால், துரைராசு கால் நனையாமல் பார்க்க விரும்பினார். அறுப்பு மெஷின் இறங்குகிற வாய் வழியாக ஜீப்பை வயலுக்குள்ளேயே இறக்கச் சொன்னார். கண்ணுசாமி குறுக்கே ஓடி வந்து, வேண்டாங்க அய்யா, புதையும் என்று கெஞ்சினார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, புதையாது என்றார் தாசில்தார். ஜீப் படுத்த கதிரின் மேல் ஏறி, நடுவயல் வரை உறுமிக்கொண்டு போய், ஒரு தரம் விம்மி, நின்றுவிட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து புகை வந்தது. எஞ்சின் ஜாம். முருகையன் சாவியைத் திருப்பினார், அசையவில்லை. டேஷ்போர்டைப் பார்த்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

துரைராசு ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். மனசுக்குள் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

"கண்ணுசாமி, உத்தரவுல நிக்கிறது என்னன்னு எழுதச் சொல்லியிருக்கு. உன் பயிர் படுத்திருக்கேப்பா" என்றார்.

"நின்னுச்சுங்க அய்யா. இந்த மழை வரைக்கும் நின்னுச்சு. உங்களுக்காகத்தான் நிக்க வச்சிருந்தேன்."

"இருந்திருக்கும். நான் கண்ணால பாத்ததைத்தானே எழுத முடியும்?"

அவர் நேர்மையான மனிதர் என்று முன்பே சொன்னேன். கண்ணால் பார்த்ததை எழுதினார். நிலத்தின் மேல் நிற்பது, அரசு வாகனம் ஒன்று. அனுபவம், அரசு. சாட்சிக்குக் கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினார். நான் மாட்டேன் என்றேன். முருகையன் போட்டார். அவருக்கு வேலை இருக்கிறது, இரண்டு பெண் இருக்கிறது.

அந்த வருஷத்து அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கில் கீழப்பொய்கைக்குடி ஒரு ஏக்கருக்கு நேரே அனுபவதாரர் என்று தாசில்தார் ஜீப் ஏறியது. சென்னைப் பேரனுக்கும் நிலம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மேல்முறையீடு செய்யவில்லை. பண்ணையாள் மகனிடம் தோற்கவில்லை, சர்க்காரிடம்தான் தோற்றேன் என்று ஆறுதல் பட்டுக்கொண்டதாக அவர் வக்கீல் என் கடையில் சொன்னார்.

ஜீப்பை எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் அது பழுது என்று எழுத வேண்டும். எழுதினால் மாவட்டம் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராசம்மாள் ஒரு நாள் விடியலில் கூடையோடு இறங்கி, கோழிக்காவது ஆகட்டும் என்று முளைத்த நெல்லைப் பொறுக்கியிருக்கிறாள். மறுநாள் கண்ணுசாமி பேருக்கு பி-மெமோ என்கிற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. அரசு நிலத்தில் அத்துமீறி நுழைந்ததற்கு. அந்த மெமோவைத்தான் அவர் என்னிடம் நகல் எடுக்கக் கொண்டு வந்தார். இந்த நிலத்தில் இனி கால் வைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

துரைராசு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். சட்டத்துக்கு உட்பட்ட வழி. அரசு வாகனத்துக்குக் காவலாளி வேண்டும். காவலாளி வயலுக்குள் போகலாம், வரலாம். உள்ளூர் ஆளுக்கு முன்னுரிமை. கண்ணுசாமியின் அப்பா எந்த வயலில் பண்ணையாளாக நின்றாரோ, அந்த வயலில் கண்ணுசாமி ஜீப்புக்கு ஆளாக நிற்கிறார். சக்கரத்தைச் சுற்றிப் புல் மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கரைத் துடைக்க வேண்டும். காலையில் சாவியைத் திருப்பி, விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்த்து எழுதித் தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டும். பேட்டரி செத்து எத்தனையோ காலமாயிற்று. எரியாது. எரியவில்லை என்று எழுதுவார். மாவட்டத்துக்கு இந்த வருஷமும் கேடயம் என்று பேச்சு.

போன வாரம் அந்தச் சீட்டை நகல் எடுக்க வந்தார். நகலுக்கு நான் அவரிடம் காசு வாங்குவதில்லை. மெஷின் ஓடுகிற வரை பேச ஒன்றும் கிடைக்காமல், இன்றைக்காவது எரிந்ததா அண்ணே என்று சும்மா கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் நெஞ்சை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"வண்டியில எரியலை பாய்" என்றார்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குள் போனார்.